மனத்துக்கு மாத்திரை, எலும்புக்கும் வேண்டும் எச்சரிக்கை!

மனநோய்க்காக வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு மெலிந்துபோகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். டாக்டர்களுக்கு இது பழைய விஷயம். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாய், தகப்பன், மனைவிமாருக்கும்தான் இது எட்டுவதில்லை.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மனநோயாளி உள்ள தமிழ்க் குடும்பங்கள் அதை வெளியே சொல்வதில்லை. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், பையனுக்கு வேலை போய்விடும், சாலில் பேச்சு எழும் என்ற பயம். மாதம் ஒரு முறை ஓசைப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவார்கள். கூட்டம் அதிகம், டாக்டருக்கு நேரம் குறைவு. "தூக்கம் வருகிறதா? காதில் குரல் கேட்கிறதா?" என்ற கேள்விகளுக்கு அரைகுறை இந்தியில் பதில் சொல்வதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள். முதுகு வலியைப் பற்றியோ, மாதவிலக்கு நின்றுபோனதைப் பற்றியோ அங்கே யார் பேசுவது?

பேச வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் மாத்திரையே வேண்டாம்" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. எலும்பு மெலிய வருடங்கள் ஆகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களிலேயே நோய் திரும்பி வரக்கூடும்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. வைத்தியம் கைக்கு எட்டாத இடத்தில் சங்கிலிதான் வைத்தியமாக இருந்தது. அந்தச் சங்கிலியிலிருந்து எத்தனையோ பேரை விடுவித்து, வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பி அனுப்பியது இந்த மாத்திரைகள்தாம். ஆகவே மாத்திரை வேண்டும். எலும்பையும் காப்பாற்ற வேண்டும். இரண்டும் முடியும்.

பம்பாய்க்கும் பங்கு உண்டு

மனநோய்க்கு நல்ல மருந்து வந்து சுமார் 70 வருடங்கள்தான் ஆகின்றன. அந்தக் கதையில் நம் நாட்டுக்கும் இந்த நகரத்துக்கும் பங்கு உண்டு.

சர்ப்பகந்தி வேரைப் புத்தி தடுமாறியவர்களுக்குக் கொடுப்பது நம் நாட்டு வைத்தியர்களின் பழைய வழக்கம். 1931ல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவரும் அந்த வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதைப் பத்திரிகையில் எழுதினார்கள். பரேல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1949ல் லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952ல் சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று அந்த வேரிலிருந்து 'ரெசர்ப்பின்' என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. 1957ல் டாக்டர் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

அதே 1952ல் பாரிஸ் நகரில் டிலே, டெனிக்கர் என்ற இரு டாக்டர்கள் 'குளோர்புரோமசின்' மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார்கள். இன்று வழங்கும் பல மருந்துகளுக்கு மூத்தது அதுதான்.

ரெசர்ப்பின், குளோர்புரோமசின் இரண்டுமே மூளையில் உள்ள 'டோபமின்' என்ற ரசாயனத்தின் வேலையைக் குறைக்கின்றன. பின்னால் வந்த ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் முதலியவையும் டோபமினின் வேலையைத்தான் தடுக்கின்றன. இல்லாத குரல்கள் அடங்குவதும், வீண் சந்தேகம் தணிவதும் இதனால்தான். எலும்புக்கு வரும் தொல்லையின் ஆரம்பமும் இங்கேதான் இருக்கிறது.

எலும்பு எப்படி மெலிகிறது?

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. தாய்ப்பால் சுரக்கச் செய்யும் 'புரோலாக்டின்' அதிலிருந்துதான் வருகிறது. சாதாரண நாட்களில் அது அளவுக்கு மீறி வெளியே வராமல், கேட் கீப்பரைப் போல் டோபமின் தடுத்து நிற்கிறது. மாத்திரை டோபமினைத் தடுத்துவிட்டால் கேட் திறந்துகொள்கிறது. ரத்தத்தில் புரோலாக்டின் ஏறுகிறது.

புரோலாக்டின் அதிகமானால், 'இவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்' என்று உடம்பு தப்புக் கணக்குப் போடுகிறது. பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது, அல்லது நின்றுவிடுகிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. இந்த இரண்டும்தான் எலும்புக்குக் காவல்.

எலும்பு கல்லைப்போல் அப்படியே கிடப்பதில்லை. பழைய சாலுக்கு ரிப்பேர் வேலை நடப்பதுபோல், ஒரு பக்கம் பழையதை உடைப்பதும் மறுபக்கம் புதிதாகப் பூசுவதும் தினமும் நடக்கிறது. காவல் குறைந்தால் உடைப்பு அதிகமாகிப் பூச்சு குறைகிறது. எலும்பு உள்ளுக்குள் பஞ்சு போலாகிறது. இதைத்தான் 'ஆஸ்டியோபோரோசிஸ்', அதாவது எலும்பு மெலிவு என்கிறார்கள். முறியும்வரை வலி தெரியாது. முறிவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: மணிக்கட்டு, முதுகெலும்பு, தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடம். முதுகெலும்பு கீழே விழாமலேகூட நொறுங்கலாம். ஆள் குட்டையாகிக் கூன் விழுவது அதனால்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மனிதனுக்கு எலும்பு பலம் சேருவது ஏறக்குறைய 30 வயதுவரைதான். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் தொடங்குவதும் 16 வயதிலிருந்து 30 வயதுக்குள்தான். எலும்பு சேமிக்க வேண்டிய வயதிலேயே மாத்திரை ஆரம்பமாகிவிடுகிறது.

ஆண்களுக்கும் உண்டு

அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்கள் 1980லேயே, புரோலாக்டின் அதிகமுள்ள பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதை வெளியிட்டார்கள்.

லண்டனில், புரோலாக்டினை ஏற்றும் மருந்துகளைப் பத்து வருடங்களுக்கு மேல் சாப்பிட்ட 55 நோயாளிகளைப் பரிசோதித்து, 2004ல் முடிவை வெளியிட்டார்கள். பெண்களில் 32 சதவீதம் பேருக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. ஆண்களிலோ 57 சதவீதம்! எலும்பு மெலிவு கிழவிகளுக்கு வரும் நோய் என்ற எண்ணம் எவ்வளவு தப்பு என்பதற்கு இது ஒன்றே போதும்.

மருந்து ஒன்றுதான் குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. மனநோயாளி வீட்டின் மூலையிலேயே உட்கார்ந்திருப்பார். வெயிலில் நடமாட்டம் இராது. சரியாகச் சாப்பிட மாட்டார். சிலர் பீடி, சிகரெட்டை ஓயாமல் பிடிப்பார்கள். இவை எல்லாமே எலும்புக்கு விரோதிகள். மருந்தும் இவற்றோடு சேரும்போதுதான் ஆபத்து பெருகுகிறது.

எந்த மாத்திரை, எந்த அளவில்?

எல்லா மாத்திரைகளும் ஒன்றுபோல் இல்லை. ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் ஆகியவை புரோலாக்டினை அதிகம் ஏற்றக்கூடியவை. ஒலான்சபின், குவெட்டியாபின், குளோசபின் குறைவாக ஏற்றும், அல்லது ஏற்றாது. அரிபிப்ரசோல் அதை இறக்கவும் செய்யும். ஆகவே தேவைப்பட்டால் அளவைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ, இன்னொன்றைச் சேர்க்கவோ டாக்டருக்கு வழி இருக்கிறது. மாற்று மருந்துகளுக்கும் உடம்பு பெருத்தல், சர்க்கரை நோய் என்று வேறு தொல்லைகள் உண்டாதலால், இது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையைப் பார்த்து நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரைகள் வேறு ரகம். கனடா நாட்டில் 50 வயதைத் தாண்டிய சுமார் 5,000 பேரை ஐந்து வருடங்கள் கவனித்து, 2007ல் முடிவு வெளியிட்டார்கள். இந்த ரக மாத்திரையைத் தினமும் சாப்பிட்டவர்களுக்கு, சின்னதாக விழுந்தாலும் ஏற்படும் எலும்பு முறிவு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. வயதானவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலிப்புக்கும், சில சமயம் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் தரப்படும் மருந்துகளில் ஃபெனிட்டாயின், ஃபினோபார்பிட்டோன், கார்பமாசிப்பின் ஆகியவை வைட்டமின் 'டி'யை ஈரலில் சீக்கிரம் அழித்துவிடுகின்றன. லித்தியம் எலும்புக்குப் பாதகம் செய்வதாகத் தெரியவில்லை. 2022ல் வெளியான டென்மார்க் ஆராய்ச்சியில், லித்தியம் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிவு குறைவாகவே இருந்தது. ஆனால் லித்தியம் சிலருக்கு ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றிவிடும். ஆகவே லித்தியம் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை: வயிற்றெரிச்சலுக்கும் வாந்திக்கும் மருந்துக் கடையில் வாங்கும் சில காப்ஸ்யூல்களில் லெவோசல்பிரைடு, டொம்பெரிடோன் சேர்ந்திருக்கும். இவையும் புரோலாக்டினை ஏற்றுகிறவை. வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுவது நல்லது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பெண்களுக்கு மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால், அல்லது கர்ப்பமில்லாமலே மார்பில் பால் கசிந்தால், அதை மறைக்கக் கூடாது. "நல்லதாய்ப் போயிற்று, தொல்லை விட்டது" என்று இருந்துவிடுகிற தாய்மார்கள் உண்டு. அது உடம்பு தரும் முதல் அறிவிப்பு. ஆண்களுக்கு மார்பு பெருப்பதும், தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் அதே அறிவிப்புதான். வெட்கப்பட்டு வாய் திறக்காமல், மாத்திரையை மட்டும் ரகசியமாக ஜன்னல் வழியே எறிகிறவர்கள் உண்டு. கடைசியில் நோய் திரும்பிவிடுகிறது. காரணம் வீட்டாருக்குத் தெரிவதே இல்லை.

புரோலாக்டின் அளவை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் கண்டுகொள்ளலாம். எலும்பு அடர்த்தியை அளக்க 'டெக்சா' என்ற பரிசோதனை இருக்கிறது. எக்ஸ்ரே மாதிரிதான், வலி கிடையாது, சில நிமிஷ வேலை. உலக சுகாதார நிறுவனம் 1994ல் வகுத்த கணக்குப்படி, வயதானவர்களுக்கு 'டி ஸ்கோர்' மைனஸ் 2.5க்குக் கீழே போனால் எலும்பு மெலிவு நோய். எல்லோருக்கும் இது தேவைப்படாது. யாருக்குத் தேவை என்று டாக்டர் சொல்வார். இலவச முகாம்களில் குதிகாலை மட்டும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதை டெக்சா என்று நினைத்துவிடக் கூடாது.

மருந்து மாற்றிய பிறகு மாதவிலக்கு திரும்ப வரும். அதோடு கர்ப்பம் தரிக்கும் சக்தியும் திரும்பும். குழந்தை இப்போது வேண்டாம் என்கிற தம்பதிகள் முன்கூட்டியே டாக்டரிடம் யோசனை கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெயிலும் கேழ்வரகும்

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் திருத்தி வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்த ஒருவருக்குத் தினம் 1,000 மில்லி கிராம் கால்சியம் வேண்டும். இதற்கு விலை உயர்ந்த டின் பவுடர் எதுவும் தேவையில்லை. மராத்திக்காரர்கள் 'நாச்சணி' என்று சொல்லும் நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. காலையில் ஒரு செம்பு கூழ், ஒரு டம்ளர் பால், மதியம் மோர், வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக் கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி என்று வைத்துக்கொண்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். மாட்டுங்கா மார்க்கெட்டிலும் தாராவிக் கடைகளிலும் கிடைக்காத பொருள் எதுவும் இதில் இல்லை.

வைட்டமின் 'டி'க்கு வெயில் வேண்டும். சூரியனுக்குக் குறைவில்லாத நம் நாட்டில் இந்தச் சத்துக் குறைவு ஏராளம் என்பதை, டெல்லி அகில இந்திய மருத்துவ நிறுவன டாக்டர்கள் 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். தாராவியின் சில சந்துகளில் இரு பக்கத்துக் கூரையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். அங்கே மூலையில் முடங்கிக் கிடப்பவருக்கு வெயில் எங்கிருந்து வரும்? முற்பகலில் சிறிது நேரம் கை, கால், முகத்தில் வெயில் படும்படி வெளியே அழைத்துப் போக வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் பயன் தராது. குளோர்புரோமசின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் தோலைச் சுடும் என்பதால் அதிக நேரம் கூடாது. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வேர்த்துக் கொட்டும்படி நிற்கக் கூடாது. தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

60,000 யூனிட் வைட்டமின் 'டி' மாத்திரையை டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதுவதுண்டு. அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. சீட்டைத் திரும்பப் படித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஏணியும் மோரியும்

எலும்பு மெலிந்திருந்தாலும், விழாமல் பார்த்துக்கொண்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. தாராவி வீடுகளில் மேல்தட்டுக்கு ஏறும் இரும்பு ஏணி செங்குத்தாக நிற்கும். இரவில் தூக்க மாத்திரை சாப்பிட்டவர் அரைத் தூக்கத்தில் அந்த ஏணியில் இறங்கிப் பொதுக் கழிப்பறைக்குப் போவது எவ்வளவு அபாயம்! மனநோய் மருந்துகளில் பலவும், படுத்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தத்தை இறக்கித் தலையைச் சுற்றச் செய்யும்.

ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கீழ்த்தளத்தில் படுக்கை போட வேண்டும். எழுந்ததும் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நிற்கப் பழக்க வேண்டும். சின்ன விளக்கு ஒன்று இரவு முழுவதும் எரியட்டும். மோரியில் பாசி பிடிக்காமல் தேய்த்துவிட வேண்டும். மழை மாதங்களில் இது மிகவும் முக்கியம். பகலில் தினம் அரைமணி நடந்தால் எலும்பும் பலப்படும், மனமும் தெளியும்.

சட்டம் தரும் உரிமை

2017ல் நிறைவேறி 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. நோய் என்ன, என்ன சிகிச்சை, அந்தச் சிகிச்சைக்கு என்னென்ன பக்க விளைவுகள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை அதன் 22ஆவது பிரிவு நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் தருகிறது. அந்த விவரத்தை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. மராத்தியும் இந்தியும் புரியாத திருநெல்வேலித் தாய்க்குத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த நர்ஸோ சமூக சேவகரோ இருக்கிறார்களா என்று தயங்காமல் கேட்கலாம். இல்லையென்றால் இந்தி தெரிந்த நம்பிக்கையான உறவினர் ஒருவரை அழைத்துப் போகலாம்.

போகுமுன் ஒரு காகிதத்தில் இந்த ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: இந்த மாத்திரை புரோலாக்டினை ஏற்றுமா? ரத்தத்தில் அதைப் பரிசோதிக்க வேண்டுமா? எலும்புப் பரிசோதனை தேவையா? கால்சியமும் வைட்டமின் 'டி'யும் எவ்வளவு சாப்பிடலாம்? மாற்று மருந்து உண்டா?

மனநலம் பற்றித் தமிழிலேயே பேசி ஆலோசனை பெற, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி இருக்கிறது. எண் 14416, கட்டணம் கிடையாது. மாத்திரையால் உண்டான தொல்லையை அரசுக்குத் தெரிவிக்க 1800 180 3024 என்ற இலவச எண் உண்டு. ரெயில்வே ஊழியர் குடும்பங்கள் பைகுல்லா ரெயில்வே ஆஸ்பத்திரியிலும், தாராவி மக்கள் சயான் ஆஸ்பத்திரியிலும் டாக்டரைக் கலந்துகொள்ளலாம்.

மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிற அதே கை, மாதம் ஒரு முறை அந்தக் கேள்விக் காகிதத்தையும் டாக்டரிடம் நீட்டட்டும்.